யாருடைய வினை?

காஜாங்கை ஒட்டிய பண்டார் பாரு பாங்கியில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. அந்த விஞ்ஞானிகளும், அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தாரும், ஓரியன் ஜினோமிக்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து 2015 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செம்பனையின் மரபுத்தொடரில் ‘கர்மா’ என்ற பெயருள்ள ஒரு துண்டு உண்டு. அதன்மேல் மெத்தில் என்னும் வேதிக்குறிகள் அடர்ந்திருந்தால் மரம் ஒழுங்காகக் காய்க்கும். அவை உதிர்ந்துபோனால் காய் கெடும். முன்னதை ‘நல்ல கர்மா’ என்றும் பின்னதைக் ‘கெட்ட கர்மா’ என்றும் அவர்களே அழைத்தார்கள். பெயர் தற்செயலானது. நெல்லில் முன்பே கண்டறியப்பட்ட ஒரு துண்டின் பெயர் இதற்கும் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். பெயரைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஆனால் பெயருக்குப் பின்னால் உள்ள நிகழ்வு, இந்த நாட்டுத் தமிழர்கள் நூறாண்டுக்கு மேலாகத் தூக்கிச் சுமக்கும் ஒரு சமயக் கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க உதவுகிறது. ஒருவர் படும் துன்பத்துக்கு அவருடைய முன்வினைதான் காரணம் என்று இன்னொருவர் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பது என் முடிவு. வினைக் கொள்கையைக் கைவிடச் சொல்லவில்லை. அது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வதற்கு உரியது. அடுத்தவர் மீது எறிவதற்கு உரியதல்ல.

நிகழ்வை முதலில் பார்த்துவிடுவோம். செம்பனை இந்த மண்ணின் மரமே அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அதன் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. மலாயாவில் அதை வணிகப் பயிராக முதலில் நட்டது 1917இல், சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில். ரப்பர் விலை விழுந்த பிறகு, 1960களிலிருந்து, தோட்டம் தோட்டமாகப் பால்மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. ஒரு தடவை நட்டால் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பலன் எடுக்கலாம். ஆகவே மட்டமான கன்றை நட்டவருக்கு நட்டம் ஓராண்டோடு தீராது, ஒரு தலைமுறையே போய்விடும். நன்றாகக் காய்க்கும் ஒரு தாய்மரத்தைத் தேர்ந்து, அதே மரத்தை ஆயிரக்கணக்கில் பெருக்கிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நல்லது என்ற ஆசை அதனால்தான் பிறந்தது. விதையிலிருந்து அது நடக்காது. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதம். எனவே 1970களில் திசு வளர்ப்பு தொடங்கியது. மரத்தின் நடுக்குருத்தை எடுத்து, இன்னும் வெயில் படாத வெளிறிய இளம் இலைகளைச் சிறுசிறு துண்டுகளாக அரிந்து, கிருமி நீக்கிய கண்ணாடிக் குப்பியில் சத்துக்கூழின் மேல் வைத்து இருட்டில் விடுவார்கள். மாதங்கள் கழித்து அந்தத் துண்டு இலை என்பதையே மறந்ததுபோல் உருவமற்ற கட்டியாகும். கட்டியிலிருந்து கருக்கள் முளைக்கும், கருக்களிலிருந்து நாற்று. குப்பியிலிருந்து நாற்றங்காலுக்கும் அங்கிருந்து வயலுக்கும் வந்து சேர ஆண்டுகள் பிடிக்கும். இன்று உயிர்த்தொழில் என்று நாம் பேசுகிற பெருந்தொழில், இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட குப்பிகளோடுதான் வளர்ந்தது.

1980களில் அந்தக் கன்றுகள் வயலில் பூக்கத் தொடங்கியபோது குறை தெரிந்தது. 1986இல் அதைப் பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்தது. நல்ல செம்பனைக் காய் தனித்தனியாக, பளபளப்பாக, குலைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். இந்த மரங்களிலோ ஒவ்வொரு காயைச் சுற்றியும் சதைப்பற்றான விரல்கள் போல மேலும் சில காய்கள் எழுந்து, நடுக்காயைப் போர்த்தி நின்றன. மகரந்தத் தாளாக ஆகியிருக்க வேண்டிய பகுதி சூலகமாக மாறிவிட்டது. கடுமையாகத் தாக்குண்ட மரங்களில் பருப்புப் பிடிக்கவில்லை. குலை முற்றுவதற்கு முன்பே வீணானது. இதில் கொடுமை என்னவென்றால், பூக்கும் நாள்வரை எந்த அடையாளமும் கிடையாது. இலை, தண்டு, வளர்ச்சி எல்லாம் பக்கத்து மரத்தைப் போலவே இருக்கும். உரம் போட்டு, களை எடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்த பிறகுதான் தெரியும். ஒரே தாயின் கன்றுகளில் ஒன்று கெடும், இன்னொன்று செழிக்கும். கெட்ட மரங்களில் சில, ஆண்டுகள் கழித்துத் தாமே தேறி நல்ல காய் தந்ததும் உண்டு.

காரணம் பிடிபட முப்பது ஆண்டுகள் ஆயின. செம்பனையின் முழு மரபுத்தொடரை அதே பாங்கி குழு 2013இல் வெளியிட்ட பிறகுதான் வழி திறந்தது. வாரியத்தின் உயிர்த்தொழில்நுட்பப் பிரிவை நடத்திய ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி அந்த முயற்சியின் தூண்களில் ஒருவர். தோட்டப்புறச் சமூகம் என்றே அறியப்பட்ட நம்மிடையிலிருந்து ஒரு பெண், தோட்டத்தின் மரத்தையே எழுத்தெழுத்தாகப் படித்தவர்களுள் ஒருவராக நின்றது தனியாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி. 2015இல் தெரியவந்தது இதுதான்: நல்ல மரத்துக்கும் கெட்ட மரத்துக்கும் மரபெழுத்தில் வேறுபாடு இல்லை. பூவின் உறுப்புகளை வகுக்கும் ஒரு மரபணுவின் உள்ளே கர்மாத் துண்டு கிடக்கிறது. குப்பிக்குள் வளர்ந்த காலத்தில் அதன்மேல் இருந்த மெத்தில் குறிகள் சில கன்றுகளில் உதிர்ந்துவிட்டன. உதிர்ந்த இடத்தில், பூக்கும் வேளை வந்ததும், செல் அந்த மரபணுவைத் தவறாகப் படித்து, பாதியில் வெட்டுண்ட கட்டளையை உருவாக்குகிறது. இதைக் கண்டறிந்ததன் பயன் உடனடியானது. நாற்றங்காலிலேயே இலையில் சிறு வட்டம் வெட்டியெடுத்துச் சோதித்தால், எந்தக் கன்று கெடும் என்று நடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

முன்பு நடந்த ஒன்று தடம் விட்டுச் செல்கிறது. அந்தத் தடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உரிய காலம் வந்ததும் காயாகத் திரண்டு முன்னே நிற்கிறது. சைவ சித்தாந்தம் சஞ்சிதம் (சேர்ந்துள்ள பழவினை), பிராரத்தம் (இப்போது நுகரும் வினை), ஆகாமியம் (இனி ஈட்டும் வினை) என்று வகுத்துச் சொன்னதற்கு இது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது! ‘பார்த்தீர்களா, அறிவியலே கர்மாவை ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று மேடையில் முழங்க ஆசை எழும். அந்த ஆசையை அடக்க வேண்டும். ஒற்றுமை எவ்வளவு நெருங்கியதோ, அவ்வளவு கூர்மையாக வேற்றுமையும் நிற்கிறது, வேற்றுமையில்தான் பாடம் இருக்கிறது. அந்த மரம் எதையும் செய்யவில்லை. குருத்தை அரிந்தது ஆய்வகத்தின் கத்தி, கூழைக் கலந்தது ஆய்வகத்தின் கை, ஒரு மரத்தை ஆயிரமாக்க நினைத்தது மனித ஆசை. செய்தது ஒருவர், காயைச் சுமந்து நின்றது மற்றொன்று. ஆய்வு முன்னேறியதற்கு ஒரு காரணம், இது மரத்தின் பிறவிக்குணம் என்று ஆய்வாளர்கள் கைகழுவாததுதான். வளர்ப்பின்போது இந்த மரத்துக்கு நாம் என்ன செய்துவிட்டோம் என்று கேட்டார்கள். கேள்வி தங்களை நோக்கித் திரும்பியதால்தான் விடை கிடைத்தது.

மரத்துக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்துமா? 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவை மறித்ததால் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது கருவில் உருவானவர்களை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2008இல் வெளியான ஓர் ஆய்வு, பஞ்சத்துக்கு ஆளாகாத அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டது. வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் மெத்தில் குறிகள் இவர்களுக்குக் குறைந்தே இருந்தன. முற்றுகையிட்டவன் செயலின் தடம், பிறக்காத குழந்தையின் செல்லில் விழுந்திருந்தது. நம் கதைக்கு இவ்வளவு நுணுக்கமான சோதனைகூடத் தேவையில்லை. 1942–43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிச் சென்ற தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அவர்கள் அத்தனை பேரும் போன பிறவியில் ஒன்றுகூடி ஒரே பாவத்தைச் செய்திருந்தார்கள் என்று சொல்ல எவருக்கு நா எழும்? ஆனால் அதே வாதம் சிறிய அளவில் வரும்போது நாம் தயங்குவதில்லை. தோட்ட லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாவிட்டால், மகன் சிறைக்குப் போனால், தோட்டம் விற்கப்பட்டு வீடில்லாமல் நின்றால், ‘எல்லாம் அவங்க கர்மா’ என்று ஒரே வாக்கியத்தில் கணக்கை மூடிவிடுகிறோம். காஜாங்கிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டத்தின் மேல் எழுந்த நிர்வாகத் தலைநகரம். அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்ந்ததற்குத் திட்டமும் கையெழுத்தும் தேதியும் உண்டு. முற்பிறவியைத் துணைக்கு அழைத்தால், இந்தப் பிறவியில் கையெழுத்திட்டவர்களை எவரும் கேட்க மாட்டார்கள்.

இதற்குச் சித்தாந்தியின் மறுப்பு வலுவானது, அதை எளிதில் தள்ள முடியாது. ஒரு குழந்தை செல்வத்திலும் இன்னொன்று குப்பத்திலும் பிறப்பதற்கு முன்வினை காரணமில்லை என்றால், இறைவன் ஓரவஞ்சனை செய்பவன் ஆகிவிடுவான். பிறப்பின் ஏற்றத்தாழ்வுக்கு விடையே இல்லாமல் போகும். உண்மைதான், அந்தக் கேள்விக்கு வினைக் கொள்கை ஒரு பெரிய விடை. ஆனால் அந்த விடை யாருடைய கையில் என்ன கருவியாகிறது என்பதையும் சித்தாந்தமே வரையறுத்திருக்கிறது. மெய்கண்டார் மரபில் வினை சடப்பொருள். அறிவில்லாத அது, செய்தவனைத் தானே தேடிக் கண்டுபிடித்துச் சேராது. இன்னாருக்கு இன்ன வினை என்று அறிந்து கூட்டுவிப்பவன் சிவன் ஒருவனே. அதுவும் தண்டிப்பதற்காக அல்ல, மலம் பக்குவப்பட்டு உயிர் விடுபடுவதற்காக. அப்படியானால், எதிரே நிற்பவரின் வினைக்கணக்கைப் படித்துச் சொல்கிறவர் சிவனுக்கு மட்டுமே உரிய அறிவைத் தமக்கு உரியதாக்கிக்கொள்கிறார். சமயத்தைக் காப்பதாக நினைத்துச் சமயத்தின் அடிப்படையையே மீறுகிறார். அப்பர் வாழ்க்கையைப் பாருங்கள். சமணத்தில் தருமசேனராக இருந்தவரைச் சூலைநோய் புரட்டியெடுத்தபோது, தமக்கை திலகவதியாரிடம் வந்து விழுந்தார். சமயம் மாறியதற்குக் கிடைத்த பலன் என்று சொல்ல அவரைவிட உரிமையுள்ளவர் யார்? பெரிய புராணம் காட்டும் திலகவதியார், வேற்றுச் சமயக் குழியில் அறியாமல் விழுந்து துயருற்றீர் என்று இரங்கி எழுந்திருக்கச் சொன்னாரே தவிர, அந்த நோயை அவருடைய வினைக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதல் பதிகத்தில், தாம் செய்த கொடுமைகளைப் பற்றிப் பேசியவர் அப்பர்தான். அக்காள் சொல்லாததைத் தம்பி தானே சொன்னார். இருவரும் சரியாக நடந்துகொண்டார்கள்.

இன்னொரு மறுப்பு நம் காப்பியமான சிலப்பதிகாரத்திலிருந்து வரும். ஊழ்வினை தவறாது வந்து பற்றும் என்பதைத் தம் நூலின் மூன்று நோக்கங்களில் ஒன்றாகவே இளங்கோ வைத்திருக்கிறார் அல்லவா? கோவலன் முற்பிறவியில் பரதனாக இருந்து சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி சுமத்திக் கொல்வித்தான், அந்த வினைதான் மதுரையில் வாளாக வந்தது என்று மதுராபதித் தெய்வமே சொல்கிறது. ஆம், சொல்கிறது. எப்போது சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வழக்கு முடிந்து, பாண்டியன் இறந்து, நகரம் எரியத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தெய்வம் வாய் திறக்கிறது. அரசவையில், ஊழ்வினை துரத்த மதுரைக்கு வந்ததைக் கண்ணகியே ஒரு சொல்லில் சொல்கிறாள்; ஆனால் கொலைக்குச் சமாதானமாக அதை எவரும் எடுக்கவில்லை. சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டிய கண்ணகியிடம், ‘உன் கணவனின் பழவினை அம்மா, நான் என்ன செய்ய?’ என்று பாண்டியன் சொல்லியிருந்தால் ஊழ்க் கொள்கைப்படி அது தவறான கூற்றாகக்கூட இருந்திராது. அவன் அப்படிச் சொல்லவில்லை. தானே கள்வன் என்று ஏற்று உயிரை விட்டான். கோவலனின் வினை கோவலனை மதுரைக்குக் கொண்டுவந்திருக்கலாம். ஆராயாமல் கொல்லச் சொன்னது பாண்டியனின் வினை. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது. ஊழை இவ்வளவு ஆழமாக நம்பிய கவிஞர், நீதி கேட்கும் இடத்தில் ஊழைச் சாட்சிக்கூண்டில் ஏற்றவில்லை. நமக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை.

வள்ளுவரிடமும் இந்தப் பிணக்கு உண்டு. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் காட்டும் குறளுக்கு, அறத்தின் பயன் இதுவென்று கண்ணாலேயே காணலாம் என்று பரிமேலழகர் உரை கண்டார். அவ்விருவரிடையே நின்று அறத்தின் பயன் இதுதான் என்று சொல்லாதே என்று பிற்காலத்தார் சிலர் படித்தார்கள். எனக்கு இரண்டாவது உரையே நெஞ்சுக்கு நெருக்கம். பரிமேலழகர் உரையே சரியென்று கொண்டாலும், ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த அதே வள்ளுவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் சோராமல் முயல்பவர் ஊழையே புறங்காட்டச் செய்வார்கள் என்கிறார். ஊழ் முற்றாக எழுதி முடிக்கப்பட்டது என்றால் அந்தக் குறளுக்கு இடமே இல்லை. முயற்சியால் எதுவும் மாறாது என்று சொன்ன நியதிவாதிகள் ஆசீவகர்கள். தமிழ்நூல்களில் நீலகேசி அவர்களோடு வாதிட்டு மறுக்கிறது. அந்த வாதத்தில் தோற்ற கட்சியைத்தான் நாம் இன்று தெரியாமல் சைவம் என்ற பெயரில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலுக்கு அருகிலேயே பௌத்த மகா விகாரை இருக்கிறது. அந்த விகாரை போற்றும் பாலி நூல்களில், மோலியசீவகன் என்ற துறவி புத்தரிடம் கேட்கிறான்: மனிதர் படும் இன்ப துன்பமெல்லாம் முன்செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா? புத்தர் மறுக்கிறார். பித்தம், கபம், வாதம், மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலைத் தாறுமாறாக நடத்துவது, பிறர் தாக்குவது, வினையின் விளைவு என்று எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். அவற்றில் வினை ஒன்று, ஒன்றே ஒன்று. எல்லாவற்றுக்கும் வினையே காரணம் என்பவர்கள், உலகமே கண்கூடாக அறிந்ததைத் தாண்டிச் செல்கிறார்கள் என்றும் சொல்கிறார். வினையை நெறியின் மையத்தில் வைத்த ஆசிரியரே இப்படி எல்லை கட்டினார் என்பது, எல்லை கட்டுவது நாத்திகமாகிவிடும் என்று அஞ்சுபவர்களுக்குப் போதுமான பதில்.

மரத்துக்கு ஆன்மா உண்டா, வேதிக்குறிக்கும் புண்ணிய பாவத்துக்கும் என்ன தொடர்பு, ஓர் உவமையைக் கொண்டு தத்துவம் செய்யலாமா என்றும் கேட்கலாம். மெத்தில் குறி வினை என்று நான் சொல்லவில்லை. தடத்தைச் சுமப்பவரும் தடத்தைப் பதித்தவரும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதற்குப் பாங்கி ஆய்வு கண்முன் நிற்கும் ஒரு சான்று. அப்படி ஒரு வாய்ப்பு உலகில் இருக்கிறது என்று நிறுவப்பட்ட பிறகு, துன்பப்படுபவரைப் பார்த்த மாத்திரத்தில் துன்பத்தின் கர்த்தா அவரே என்று முடிவுகட்டுவது நேர்மையான சிந்தனையாகாது. இந்த வாதத்துக்கு அவ்வளவே போதும்.

எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது ஆறுதல் பற்றிய கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ‘நான் செய்த பாவம்’ என்று அழுகிறாள். அந்தச் சொல் அவளைக் குத்துகிறது, அதேநேரம் அர்த்தமில்லாத வெறுமையிலிருந்து அவளைத் தாங்கவும் செய்கிறது. அதைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை. ஆனால் துக்க வீட்டுக்கு வந்தவர் அதே வாக்கியத்தை அவளிடம் திருப்பிச் சொல்லும்போது அது தீர்ப்பாக மாறுகிறது. மருத்துவமனை தாமதித்ததா, சாலையில் விளக்கு இல்லையா, மருந்து கிடைக்கவில்லையா என்று கேட்க வேண்டிய வாய்கள் அந்தத் தீர்ப்பால் மூடப்படுகின்றன. ஆறுதலுக்குத் திலகவதியார் போன வழி இருக்கிறது: நீறு கொடுக்கலாம், கூடவே நடக்கலாம், பேசாமல் பக்கத்தில் உட்காரலாம்.

கோயில் சமய வகுப்புகளில் வினையைச் சொல்லிக்கொடுக்கும்போது ஆகாமியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். இன்று நான் செய்வது யாருடைய வாழ்வில், எப்போது காயாகும் என்ற கேள்வியிலிருந்து. அந்தக் கேள்வி இந்த வட்டாரத்தில் உடனடியான பொருள் உடையது. தோட்டங்களில் இன்று குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர் அல்லர். இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும். கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, 2020இல் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கா இறக்குமதித் தடை விதித்தது. கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது, கடன்பட்டு வேலைக்கு வருவது, நெரிசலான குடியிருப்பு ஆகியவை நம் பாட்டன் பாட்டிகளுக்கு வேறு பெயர்களில் தெரிந்தவைதான். இப்போது நம்மவர்களில் சிலர் மேலாளர்களாக, ஒப்பந்தக்காரர்களாக, பங்குதாரர்களாக இருக்கிறார்கள். அந்த எண்ணெயில்தான் நம் வீட்டுப் பலகாரமும் பொரிகிறது. கங்காணியின் பிரம்புக்குக் கீழ் நின்றவர்களைப் பார்த்து ‘உங்கள் கர்மா’ என்று சொல்லப்பட்டது தவறு என்றால், இவர்களைப் பார்த்து அதைச் சொல்வதும் தவறு. பாங்கி ஆய்வாளர்கள் மரத்தின் முன் நின்று தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வியை, இவர்கள் முன் நின்று நாம் கேட்டாக வேண்டும்.